வாண்டில் ஆற்றில் ட்ரவுட் தேடிய பருவம்

தென் லண்டனில், மிட்சத்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வாண்டில் ஆறு வந்துவிடும். பல வருடங்களாக அதன் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்வந்த எனக்கு, யாரும் வளர்த்துக் கொண்டுவந்து விடாமல் அந்த ஆற்றுச் சரளையிலேயே முட்டையிலிருந்து பொரித்த பழுப்பு ட்ரவுட் மீன்கள் அங்கே வாழ்கின்றன என்பது சென்ற ஆண்டுதான் தெரியவந்தது. இந்தப் பருவம் முழுவதும் அவற்றைத் தேடி ஆற்றங்கரையில் நடந்தேன்.

குரொய்டனிலும் கார்ஷால்டனிலும் சுரக்கும் ஊற்றுகளில் பிறந்து, ஏறத்தாழ 14 கிலோமீற்றர் ஓடி, வாண்ட்ஸ்வேர்த்தில் தேம்ஸோடு கலக்கும் சிற்றாறு இது. தெற்கே உள்ள சுண்ணக் குன்றுகளில் விழும் மழை பாறைக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, மாதங்கள் கழித்துக் குளிர்ந்த தெளிநீராக வெளிவருகிறது. நிரந்தரமாக ஓடும் ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இது புதிய செய்தியன்று. சுண்ணக்கல்லுக்குள் தங்கிய மழைதானே எங்கள் கிணறுகளிலும் கீரிமலைக் கேணியிலும் ஊறுகிறது? கோடையிலும் அதிகம் சூடேறாத இந்த ஊற்றுநீரும், ஒட்சிசன் நிறைந்த ஓட்டமும், சேறு படியாத சரளையும் கிடைத்தால்தான் ட்ரவுட் பிழைக்கும்.

ஒரு காலத்தில் இங்கே ட்ரவுட்டுக்குக் குறைவிருக்கவில்லை. 1801இல் மேர்ட்டனில் வீடு வாங்கிய கடற்படைத் தளபதி நெல்சன், வலக்கையை இழந்த பின்னும் இடக்கையால் தூண்டில் வீசியவர். மிதக்கும் பொய் ஈயைக் கொண்டு மீன்பிடிக்கும் முறைக்கு இலக்கணம் வகுத்த ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட், 1860களின் பிற்பகுதியில் இந்த ஆற்றில்தான் பழகினார். ஆனால் மூக்குப்பொடி, சாயம், தோல் என ஆலைகள் கரை நெடுகப் பெருகி ஆற்றைக் கொன்றன. 1960களில் இது கழிவு வாய்க்கால் என்றே அறிவிக்கப்பட்டது. பிறகு ஊர் மக்கள் இறங்கிக் குப்பை அள்ளினார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டிகளில் முட்டையிலிருந்து குஞ்சு வளர்த்து ஆற்றில் விட்டார்கள். 2007 செப்டெம்பரில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கசிந்த இரசாயனம் ஆயிரக்கணக்கான மீன்களைக் கொன்றபோதும் அவர்கள் கைவிடவில்லை. தடுப்பணைகளைத் தாழ்த்தி, சரளை கொட்டி, மரக்கட்டைகளைப் படுக்கவைத்து ஓட்டத்தை மீட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் தொட்டிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

முதல் மூன்று வாரங்கள் நான் தூண்டிலைத் தொடவே இல்லை. நீரின் பளபளப்பைக் குறைக்கும் பொலரைஸ்ட் கண்ணாடி அணிந்து, ஹாக்பிரிட்ஜிலிருந்து மோர்டன் ஹோல் பூங்கா வரை, நீரை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். வேகமான நீரும் மந்தமான நீரும் உரசும் கோடு, பாலத் தூணின் பின்புறம், வெண்பூப் பூக்கும் நீர்க்கொடிகளுக்கு இடையிலுள்ள வெளிச்சமான சந்து ஆகிய இடங்களில்தான் ட்ரவுட் நிற்கும். ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல், மிதந்துவரும் இரையை வாயருகே பெறக்கூடிய இடத்தையே அது தேர்ந்தெடுக்கிறது. ஆழமில்லாத ஓரிடத்தில் கல்லைப் புரட்டிப் பார்த்தபோது, அடியில் கூனி போன்ற நன்னீர் இறால்களும், மணலால் கூடு கட்டிய கடிஸ் புழுக்களும் நெளிந்தன. பக்கத்தில் மீன் இருக்க இடமுண்டு என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

சட்டப்படி, 13 வயது நிரம்பியவர்களுக்குத் தூண்டில் உரிமம் வேண்டும். ஒக்டோபர் முதல் மார்ச் முடிய இங்கே ட்ரவுட் பிடிக்கக் கூடாது. குளிர்காலத்தில் பெண் மீன் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிடுவதால், வசந்தத்தின் தொடக்கத்திலும் குஞ்சுகள் கற்களுக்கிடையே மறைந்திருக்கும். ஆகவே ஏப்ரலில் சரளைத் திட்டுகளில் கால் வைக்காமல் கரையிலிருந்தே வீசினேன். இது சட்டத்தில் இல்லை. ஆனாலும் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

ஊரில் தங்கூசியில் ஈயம் கட்டி எறிந்து பழகிய கைக்கு, ஃப்ளை ஃபிஷிங் முற்றிலும் வேறான வித்தை. இறகும் நூலும் சுற்றிய பொய் ஈக்கு எடையே கிடையாது; கனமான கயிறுதான் அதைச் சுமந்து செல்கிறது. மீன் எப்போதும் நீர் வரும் திசையையே பார்த்து நிற்பதால், கீழ்ப்புறத்திலிருந்து, குனிந்து, நிழல் விழாமல் அணுக வேண்டும். கயிறு நீரில் சற்று இழுபட்டாலும் ஈ இயல்பற்று ஓடும். ட்ரவுட் உடனே விலகிவிடும்.

மே மாத இறுதியில் ஒரு மாலை, சாய்ந்த வில்லோ மரத்தின் கீழ் ஒரு சிறு வட்டம் விரிந்தது. சற்று நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று. நான்காவது வீச்சில் ஈ மரத்தடியை உரசி மிதந்தது, நீர் அசைந்தது, கோல் வளைந்தது. தூண்டில் முள்ளில் பின்னோக்கிய கூர் இல்லாததால் நீரிலேயே எளிதாகக் கழற்ற முடிந்தது. ஒரு சாணுக்குச் சற்று அதிகம். வளர்ப்பு மீன்களுக்குத் தொட்டியில் உரசித் துடுப்பும் வாலும் தேய்ந்திருக்கும்; இதற்கோ அவை கூர்மை குலையாமல் விரிந்திருந்தன. வெண்ணெய் நிற விலாவில், வெளிறிய வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள். இந்த ஆற்றிலேயே பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

அந்த மரம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுதமாட்டேன். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருந்தேன். செவுள்கள் சீராக அசையத் தொடங்கியதும் அது என் விரல்களிலிருந்து நழுவி, கொடிகளுக்கிடையே இருந்த சந்துக்குள் திரும்பிச் சென்றது.