சவப்பெட்டிச் சீட்டு

கனடாவிலிருந்து வந்த மச்சாள் இன்று விறாந்தையில் குறிபார்க்கும் சீட்டுக்கட்டொன்றை விரித்தார்.

பழைய செதுக்கோவியங்களை வெட்டி ஒட்டிப் புதிதாக வண்ணமேற்றிய சீட்டுகள். கப்பல் சீட்டில் கடலின் கோடுகள் கிடையாகவும், வேறொரு படத்திலிருந்து வந்த பாயின் கோடுகள் சாய்வாகவும் ஓட, இரண்டும் சந்திக்குமிடத்தில் மயிரளவு வெள்ளை தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒட்டுத்தான்.

இந்த 36 சீட்டு முறைக்கு லெனோர்மாண்ட் என்ற பிரெஞ்சுக் குறிகாரியின் பெயர் வழங்கினாலும், அவர் 1843இல் இறந்த பின்னரே அப்பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் மூலமோ, 1799 அளவில் ஜேர்மனியின் நூரம்பேர்க்கில் வெளியான, சீட்டுகளையே கட்டங்களாகப் பரப்பித் தாயம் உருட்டி ஆடும் பொழுதுபோக்கு விளையாட்டு. ஆக, கட்டு முழுவதுமே ஒட்டுவேலைதான். எங்கள் கிளிச் சாத்திரத்தைக் கேலி செய்பவர்கள் இதையும் சற்று யோசிக்கலாம்.

மச்சாளுக்குச் சவப்பெட்டி விழுந்தது. அந்தப் பழைய விளையாட்டின் விதிப்படி, இன்னொருவர் அந்தக் கட்டத்துக்கு வரும்வரையோ இரண்டு தாயத்திலும் ஒரே எண் விழும்வரையோ காத்திருப்பதுதான் அதன் தண்டனை என்று விளக்கினேன். அவர் சீட்டைக் கலைத்துவிட்டு மறுபடியும் எடுத்தார்.