ஏழாம் வகுப்புக்கு என்ன எடுப்பது? – மிச்சிகன் நாட்குறிப்பு

ஜனவரி 28, 2025

பள்ளியிலிருந்து பாடத்தேர்வுப் படிவம் வந்துவிட்டது. மகள் யாழினி அடுத்த வருஷம் ஏழாம் வகுப்பு. பிப்ரவரி 21க்குள் பெற்றோர் கையெழுத்தோடு திருப்பித் தர வேண்டும்.

விமானப் பள்ளி என்றுதான் பெயர். விமான நிலையத்துக்கு அடுத்த மனை. சட்டையில் விமானம், நுழைவாசலில் ஒரு பழைய புரொப்பெல்லர். ஆனால் படிவத்தின் முதல் பாதி ஊரில் எந்தப் பள்ளியிலும் உள்ளதுதான்: கணிதம், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல், உடற்பயிற்சி. இரண்டாம் பாதியில்தான் விருப்பப் பாடங்கள். டிரோன், ராக்கெட், 'பறத்தலும் விண்வெளியும்', ரோபாட்டிக்ஸ், விமான வரலாறு, வானிலை, மேடைப்பேச்சு, ஸ்பானிஷ். இவற்றில் மூன்றை 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும்.

யாழினி படிவத்தை வாங்கியதுமே டிரோனுக்கு நேராக 1 போட்டுவிட்டாள். பேனாவால். மற்ற இரண்டுக்கும் இன்னும் நாள் இருக்கிறதாம்.

ஜனவரி 30

காலையில் எழுந்ததும் வாஷிங்டன் செய்தி. நேற்றிரவு ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்திருக்கின்றன. மொத்தம் 67 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் பனிச்சறுக்கு பழகும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் யாழினி வயதுக்காரர்கள்.

பள்ளிக்கு அனுப்பும்போது வயிற்றை என்னவோ செய்தது. இன்றைக்கு வகுப்பில் இதைப் பேசாமல் தாண்டிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். தாண்டவில்லை. முதல் பீரியட்டில் ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றார்களாம். அப்புறம் அறிவியல் ஆசிரியர், "காரணம் என்ன என்று இன்று யாருக்கும் தெரியாது. விசாரணை முடியும்வரை யாரும் ஊகிக்கக் கூடாது, இதுதான் இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம்" என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் அதற்குள் நான்கு பேர் காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 4

கணக்கு வீட்டுப்பாடம் பார்த்துக்கொண்டிருந்தவள் "அம்மா, இங்க வாயேன், இந்தக் கணக்கு நிஜமா நடந்திருக்கு" என்று கூப்பிட்டாள்.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767. மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக வேண்டும். எரிபொருள் மானி வேலை செய்யவில்லை, அதனால் தொட்டிக்குள் குச்சியை விட்டு அளந்திருக்கிறார்கள். கனடா அப்போது பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். அந்த விமானத்துக்குக் கணக்கெல்லாம் கிலோ. மற்ற விமானங்களுக்கு இன்னும் பவுண்டு.

வீட்டுப்பாடத் தாளில் இருந்த எண்களை அப்படியே எழுதி வைக்கிறேன். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. தொட்டியில் ஏற்கெனவே இருந்தது 7,682 லிட்டர். ஒரு லிட்டர் எவ்வளவு எடை? எரிபொருள் ரசீதில் இருந்த 1.77ஐப் போட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். 13,597 வந்தது. 22,300-இல் அதைக் கழித்தால் 8,703. அதை மறுபடி 1.77ஆல் வகுத்து, சுமார் 4,917 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

1.77 என்பது பவுண்டுக்கான எண். கிலோவுக்கு 0.8 சொச்சம்.

"நீயே போட்டுப் பாரு" என்று கால்குலேட்டரை என்னிடம் தள்ளினாள். போட்டேன். 0.803ஆல் பெருக்கினால் தொட்டியில் இருந்தது 6,169 கிலோதான். ஊற்ற வேண்டியது 20,088 லிட்டர். ஊற்றியதோ அதில் கால்வாசி. 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீரத் தொடங்கி, சற்று நேரத்தில் இரண்டு எஞ்சினும் நின்றுவிட்டன. கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளம் ஒன்று இருந்தது. அங்கே சறுக்கிக்கொண்டே கொண்டுபோய் இறக்கினார் கேப்டன் ராபர்ட் பியர்சன். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அவருக்கு ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டும் பழக்கம் இருந்ததாம். ஓடுபாதையில் அன்றைக்குக் கார் பந்தயக்காரர்கள் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள், அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அலகு மாற்றம் என்ற பாடத்தை நானும் படித்திருக்கிறேன். ஒரு மைல் எத்தனை கிலோமீட்டர், பத்து மதிப்பெண், முடிந்தது கதை. இவளோ கடைசி விடையில் 'கிலோ' என்று எழுதிவிட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டாள். இந்த வருஷம் முழுக்க அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண்ணே கிடையாதாம். படிவத்தின் முதல் பாதியில் 'கணிதம்' என்று ஒற்றைச் சொல்லாகக் கிடப்பது இதுதான்.

பிப்ரவரி 8

கோவில்பட்டியிலிருந்து அப்பா வீடியோ காலில் வந்தார்.

"என்னட்டி, அடுத்த வருஷம் பிளேன் ஓட்டுவியா?"

"இல்ல தாத்தா. கணக்கு, சயின்ஸ், அப்புறம் டிரோன்."

"கணக்கு படிக்கவா அம்புட்டுத் தூரம்? நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர மாட்டாங்களாக்கும்?"

அப்பாவுக்கு என் வீட்டுக்காரர்தான் விளக்கினார். அமெரிக்காவில் எஞ்சின் விமானத்தைத் தனியாக ஓட்ட 16 வயது ஆக வேண்டும். தனியார் பைலட் உரிமத்துக்கு 17. கிளைடர் என்றால் மட்டும் 14 வயதிலேயே தனியாகப் பறக்கலாம். ஆகவே எட்டாம் வகுப்பு வரைக்கும் எந்தப் பள்ளியும் பிள்ளைகள் கையில் விமானத்தைக் கொடுக்காது. இந்தியாவில் வணிக பைலட் உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம், 18 வயது, 200 மணி நேரப் பறத்தல். இங்கே வழக்கமான வழியில் போனால் 250 மணி. பெரிய ஏர்லைன்ஸில் உட்கார வேண்டுமென்றால் பொதுவாக 1,500 மணி.

"அப்போ கணக்குதான்" என்றார் அப்பா, வழக்கு ஜெயித்தவர் மாதிரி.

பிள்ளைகளைப் பெரிய விமானிகள் பக்கத்தில் உட்காரவைத்து இலவசமாகப் பறக்கக் கூட்டிப்போகும் 'யங் ஈகிள்ஸ்' என்ற திட்டம் இங்கே உண்டு. இஏஏ என்ற அமைப்பு 1992இல் தொடங்கியது. 8 முதல் 17 வயது வரை போகலாம். வசந்தத்தில் வானம் தெளிந்ததும் பதிவு செய்ய வேண்டும். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்குப் போகும், அம்மா தூங்க மாட்டாள்.

பிப்ரவரி 13

நேற்று மாலையிலிருந்து பனி. "நாளைக்கு லீவா?" என்று இரவு முழுக்க வகுப்புக் குழுவில் ஒரே கேள்வி. காலையில் நான் பள்ளியின் குறுஞ்செய்திக்குக் காத்திருக்க, யாழினி விமான நிலையத்தின் வானிலைக் குறியீட்டை டேப்லெட்டில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மெட்டார் என்கிறார்கள். பார்க்க யாரோ தூக்கத்தில் தட்டச்சு செய்ததைப் போல இருக்கும்.

அவளை வாசிக்கச் சொன்னேன். 131155 இசட்: 13ஆம் தேதி, 11:55 ஜூலு நேரம், அதாவது உலகப் பொது நேரம். நமக்கு ஐந்து மணி நேரம் கழித்தால் காலை 6:55. 1 எஸ்.எம்.: ஒரு மைல் தூரம்தான் கண்ணுக்குத் தெரியும். மைனஸ் எஸ்.என்.: லேசான பனிப்பொழிவு. ஓ.வி.சி. 010: ஆயிரம் அடியில் வானம் மொத்தமும் மேகம். எம் 07: மைனஸ் ஏழு டிகிரி. இங்கே எம் என்றால் மைனஸ், ஆனால் பனிக்கு முன்னால் வரும் மைனஸ் குறி 'லேசான' என்று அர்த்தம். இப்படி யார் யோசித்தார்களோ தெரியவில்லை.

"லேசான பனிதான்மா. பஸ் ஓடும்."

பஸ் ஓடியது.

இப்படிப் படிக்க ஆறாம் வகுப்பு அறிவியலில் இரண்டு வாரம்தான் சொல்லித் தந்தார்களாம். விருப்பப் பாடமான 'வானிலை'யில் இதுவே ஒரு அரையாண்டு. மிச்சிகன் ஏரிக்கு மேலே குளிர்காற்று வரும்போது அடியில் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டுகிறது. எங்கள் ஊர் வாழ்க்கையில் பாதி இந்த ஏரிப்பனியைச் சுற்றித்தான். ஆனால் போன வருஷம் அந்த வகுப்பில் சேர்ந்தது மிகக் குறைவான பேர், டிரோனுக்கோ காத்திருப்புப் பட்டியல். இதை ஆலோசகரே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிச் சிரித்தார்.

பிப்ரவரி 15

நேற்று விசாரணைக் குழு வாஷிங்டன் விபத்து பற்றி விவரம் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதையில் ஹெலிகாப்டர் 200 அடிக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்தது. மோதிய நேரத்தில் அதன் ரேடியோ உயரமானி காட்டியது 278 அடி. ஹெலிகாப்டருக்குள் இருந்தவர்கள் பார்த்த எண் வேறாக இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இதுதான் பாடமாம். ஆசிரியர் முன்கூட்டியே படிக்கத் தாள் அனுப்பியிருக்கிறார். ஒரு உயரமானி காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும். இன்னொன்று தரைக்கு ரேடியோ அலையை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துக் கணக்கிடும். அழுத்த உயரமானியில் அந்தந்த இடத்தின் காற்றழுத்தத்தைத் திருகி வைக்க வேண்டும், நிலையான அளவு 29.92 அங்குலப் பாதரசம். ஒரு அங்குலம் பிசகினால் ஏறத்தாழ ஆயிரம் அடி பிசகும். அதிக அழுத்தமுள்ள இடத்திலிருந்து குறைந்த அழுத்தமுள்ள இடத்துக்குத் திருகாமல் பறந்துபோனால், மானி சொல்வதைவிடத் தாழ்வாகப் பறந்துகொண்டிருப்போம்.

இதை நானே மூன்று முறை படித்துத்தான் பிடித்தேன். இவள் ஒரே மூச்சில் படித்துவிட்டு ரொட்டிக்கு ஜாம் தடவப் போய்விட்டாள்.

பிப்ரவரி 18

நேற்று டொராண்டோவில் பனிக்காற்றில் இறங்கிய விமானம் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது. 80 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவிழ்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். யாழினி பள்ளியிலிருந்து வந்ததும் இன்றைக்குக் காரில் ஏறி, நான் சொல்லாமலே பெல்ட் போட்டாள்.

பிப்ரவரி 19

மாலை, பாடங்களைக் காட்டும் திறந்த வகுப்பு. டிரோனைப் பார்க்கத்தான் கூட்டம்.

டிரோன் வகுப்பு நடப்பது ஜிம்மில். கூடைப்பந்துக் கம்பத்துக்கும் கதவுக்கும் நடுவில் வலை கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே விமான நிலையம், தலைக்கு மேலே கட்டுப்பாட்டு வான்வெளி. வெளியே ஒரு சின்ன டிரோனை எழுப்பவும் முன்அனுமதி வாங்க வேண்டும். விமானப் பள்ளியில் பிள்ளைகள் பறக்கவிட முடியாத ஒரே இடம் அந்தப் பள்ளியின் மைதானம்! இருந்தும் வகுப்பு நன்றாக இருந்தது. 250 கிராமுக்குக் குறைந்த, பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் டிரோனுக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் டிரஸ்ட் என்ற இலவச ஆன்லைன் தேர்வை எழுதி முடித்த சான்றிதழ் இல்லாமல் யாருக்கும் ரிமோட் கிடையாது என்பது ஆசிரியரின் சட்டம்.

'பறத்தலும் விண்வெளியும்' அறையில் ஃபோமில் இறக்கை வெட்டி, காற்றுச் சுரங்கத்தில் வைத்து அது எவ்வளவு தூக்குகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். பல அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் உள்ள பத்து வாரப் பாடப்பகுதிதான் இது. ஒரு பையனின் இறக்கை மேலே போகாமல் கீழே அழுத்தியது. அவன் அதைத் திருப்பி வைத்துவிட்டு, "இது பந்தயக் காருக்கு" என்றான். வெட்கமே இல்லை. மதிப்பெண் தந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மேடைப்பேச்சு அறையில் ரேடியோவில் பேசுவதைப் பழக்குகிறார்கள். ஒன்பதை 'நைனர்' என்று சொல்ல வேண்டும், எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ என்று. யாழினி தன் பெயரைச் சொன்னாள்: யாங்கி, ஆல்ஃபா, ஜூலு, ஹோட்டல், இந்தியா, நவம்பர், இந்தியா. இனிமேல் பீட்சா கடைக்கு அவளே போன் செய்யட்டும். அங்கே பெயரைப் புரியவைக்க என்னால் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை.

வானிலை அறையில் ஆசிரியரும் நாங்களும் மட்டும். பிள்ளைகள் பேசிய நேரத்தைவிட நான் பேசிய நேரம்தான் அதிகம்.

பிப்ரவரி 21

கையெழுத்துப் போட்டாயிற்று. 1 டிரோன், 2 வானிலை, 3 மேடைப்பேச்சு. இரண்டாவதை நான் சொல்லவில்லை, அவளே போட்டாள். ஆசிரியரிடம் கூரையில் வைத்த வெப்பமானிப் பெட்டியை ஏறிப் படிக்க அனுமதிப்பாரா என்று கேட்டாளாம், ஆம் என்றாராம். வீட்டுக்காரர் ரோபாட்டிக்ஸுக்காக இரண்டு நாளாக வாதாடினார். அவருக்கு வேலையில் பயன்படும் விஷயம், அவ்வளவுதான்.

மார்ச் 7

முடிவு வந்துவிட்டது. டிரோனில் இடமில்லை, காத்திருப்புப் பட்டியலில் ஏழாவது. வானிலையும் மேடைப்பேச்சும் கிடைத்தன. யாழினி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு வந்தபோது, காத்திருப்பில் ஏழாவது ஆளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று நிகழ்தகவு போட்டு ஒரு தாளோடு வந்தாள். விடைக்குப் பக்கத்தில் 'சதவீதம்' என்று எழுதி வட்டமும் போட்டிருந்தாள். அந்த எண்ணை எந்த அடிப்படையில் எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் கலமசூ ஏர் ஜூ என்ற விமான அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலா. அங்கே எஸ்ஆர்-71பி என்ற உளவு விமானம் இருக்கிறது. பயிற்சிக்கென்றே இரண்டாவது விமானி அறை பின்னால் உயர்த்திக் கட்டப்பட்ட ரகம், உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். அனுமதிக் கடிதம், மதிய உணவு வீட்டிலிருந்து, வேர்க்கடலை கூடாது. எலுமிச்சைச் சாதம் கட்டுவதென்றால் கடலை போடாமல் கட்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும்.