நேப்பிள்ஸில் நின்றபடி சாப்பிடுங்கள்

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது, பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. இத்தாலியில் நேப்பிள்ஸ் போகிறேன் என்றதும் நான்கைந்து பேர், எங்கே தங்கினாய், எவ்வளவு செலவானது, எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுது என்று கேட்டிருந்தார்கள். அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த மரினாரா பிட்ஸாவைச் சொல்லி முடிக்காமல் டிக்கெட் விலைக்கெல்லாம் என்னால் போக முடியாது.

பழைய நகரத்துக்கு நடுவே வியா தெய் த்ரிபுனாலி என்று ஒரு தெரு. கிரேக்கர்கள் அந்த ஊரை அமைத்தபோது போட்ட கோட்டின் மேலேயே இன்றும் ஓடுகிறது. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் திணறும், அவ்வளவுதான் அகலம். மேலே துணி காய்கிறது, கீழே ஸ்கூட்டர்கள் காலை உரசிக்கொண்டு போகின்றன. இந்தத் தெருவில் நாலு கடைக்கு ஒரு பிட்ஸா கடை. வாசலில் ஒருவர் நோட்டுடன் நிற்பார், அவரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுத் தெருவிலேயே காத்திருக்க வேண்டும். நாங்கள் ஐம்பது நிமிடம் நின்றோம். நின்றதிலும் ஒரு லாபம்: அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது.

மாவு உருண்டையை அந்த மனிதர் கட்டையால் தேய்க்கவில்லை. விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை விளிம்புக்குத் தள்ளினார். அப்புறம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பட்பட்டென்று அடித்து மாற்றினார், நம்ம ஊர் பரோட்டா மாஸ்டரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கரண்டியால் தக்காளியை ஊற்றி வட்டமாகத் தேய்த்து, பூண்டை மெல்லிசாக நறுக்கிப் போட்டு, ஓரிகானோ தூவி, நீள மூக்கு வைத்த செம்புப் பாத்திரத்திலிருந்து எண்ணெயைச் சுழற்றி விட்டார். பிறகு அடுப்பு. விறகு அடுப்பின் உள்ளே 450 டிகிரிக்குப் பக்கம் இருக்குமாம், அதனால் ஒரு பிட்ஸா வேக ஒன்றரை நிமிடம்கூட ஆவதில்லை. நீளக் கைப்பிடித் தட்டால் பாதியில் ஒருமுறை திருப்பினார், விளிம்பு புஸ்ஸென்று உப்பி அங்கங்கே கரும்புள்ளி விழுந்ததும் வெளியே எடுத்துவிட்டார். இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2017-ல் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஐம்பது நிமிடம் பார்த்தவன் சொல்கிறேன், சேர்த்தது சரிதான்.

என்னுடன் வந்தது அக்கா. ஸ்டுட்கார்ட்டில் வேலை, சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவாள், எங்கள் பயணத்தின் கஜானாவும் அவள்தான். மரினாரா தட்டைப் பார்த்ததும், "இதுல சீஸே இல்லையேடா, காசு மிச்சம் பண்றாங்களா?" என்றாள். மரினாராவில் சீஸ் கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். மாவிலும் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர ஒன்றும் இல்லை. முதல் துண்டு வாயில் போனதும் அவள் பேச்சு நின்றுவிட்டது. நடுப்பகுதி ஈரமாக, கிட்டத்தட்ட குழம்பு மாதிரி இருக்கிறது, கையில் எடுத்தால் தொங்கும், மடித்துத்தான் சாப்பிட வேண்டும். பிட்ஸா என்றால் மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம், இரண்டாவது கடியில் சரியாகிவிடும். அந்தத் தக்காளியின் புளிப்பும் இனிப்பும் பச்சைப் பூண்டு வாசமும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

நான் வாங்கியது மார்கெரிட்டா. 1889-ல் இத்தாலிய ராணி மார்கெரிட்டா வந்தபோது அவருக்காகச் செய்து, கொடியின் மூன்று நிறத்தில் தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை வைத்ததாகக் கதை சொல்வார்கள். இந்த மூன்றையும் போட்ட பிட்ஸா அதற்கு முன்பே அந்த ஊரில் இருந்தது, பெயர்தான் ராணியுடையது. அந்த இலை வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப்பச்சிலை, ஃபலூடாவில் போடும் சப்ஜா விதை அந்தச் செடியுடையதுதான். இரண்டு பிட்ஸாவும் சேர்த்து 11 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே திரிந்த எனக்கு, ஐரோப்பாவில் முதன்முதலாக வயிறும் மனசும் நிறைந்த சாப்பாடு அது.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். விமானம் தாமதமாகி நள்ளிரவு தாண்டி இறங்கினோம். பகலில் வந்திருந்தால் 5 யூரோ கொடுத்து பஸ்ஸில் ரயில் நிலையத்துக்குப் போயிருக்கலாம். டாக்சி வரிசையில் முதல் வண்டிக்காரர் சிரித்த முகத்தோடு பெட்டியைத் தூக்கி வைத்தார், மீட்டரும் போட்டார், நாங்களும் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டோம். இறங்கும்போது 38 யூரோ என்றார். பெட்டிக்குத் தனி, ராத்திரிக்குத் தனி, விமான நிலையத்துக்குத் தனி என்று விரலை மடக்கி எண்ணினார். நேப்பிள்ஸில் விமான நிலையம், ரயில் நிலையம், துறைமுகம் போன்ற இடங்களுக்கிடையே நகராட்சி நிர்ணயித்த மொத்தக் கட்டணம் உண்டு. ஆனால் ஏறும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் மீட்டர்தான். எங்களுக்கு இது மறுநாள்தான் தெரிந்தது. நாங்கள் கொடுத்தது அந்தக் கட்டணத்தைவிட ரொம்பவே அதிகம். புது ஊரில் நடுராத்திரி இரண்டு பேர் களைத்துப்போய் நிற்கும்போது அதைச் சொல்லாமல் விடுவது எனக்குத் திருட்டாகவே படுகிறது. நிர்ணயித்த கட்டணம் என்பதற்கு அவர்கள் சொல்வதை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்: "தரிஃபா ப்ரெதெதெர்மினாத்தா". கதவைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, செவ்வாய்க்கிழமை. தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை, சான்செவெரோ சிற்றாலயத்துக்கும் விடுமுறை. எங்களுக்குக் கிடைத்த முதல் முழுநாள் செவ்வாய். அன்றைக்கு நடந்துகொண்டே இருந்தோம், தொலேதோ மெட்ரோ நிலையத்தில் தரைக்கடியில் நீல மொசைக் சுவரைப் பார்த்தோம், ஸ்பானிஷ் குடியிருப்பில் மரடோனா ஓவியத்துக்கு முன்னால் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துக் கும்பிடுவதைப் பார்த்தோம்.

அந்தச் சிற்றாலயத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகவே போகாதீர்கள். உள்ளே ஒரே ஒரு சிலைக்காகத்தான் கூட்டம். ஜுசெப்பே சான்மார்த்தினோ 1753-ல் செதுக்கிய இயேசு, உயிர் நீங்கிப் படுத்திருக்கிறார், மேலே மெல்லிய துணி. துணியும் பளிங்கு, உடலும் அதே பளிங்கு, ஒரே கல். நெற்றியில் ஒரு நரம்பு துணிக்கு அடியில் புடைத்துத் தெரிகிறது. படம் எடுக்கக் கூடாது, அதனால் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். அக்கா அந்தப் பாதத்தருகே போய் நின்றவள் நகரவே இல்லை.

அருங்காட்சியகத்தில் நான் தேடிப்போனது வேறு. பொம்பெய் என்ற பழைய ரோமானிய நகரத்தை மூடிய சாம்பலுக்கு அடியிலிருந்து 1938-ல் ஒரு தந்தச் சிலை கிடைத்தது, இந்தியாவில் செய்தது. கி.பி. 79-ம் ஆண்டு வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது யாரோ ஒருவர் வீட்டில் இருந்திருக்கிறது. முதலில் லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், இப்போது யட்சி என்கிறார்கள். ரகசிய அறை என்று ஒரு பகுதி உண்டு, அங்கே கண்ணாடிக்குள் நிற்கிறாள், ஒரு ஜாண் உயரம்தான். கையில் மணிக்கட்டிலிருந்து அடுக்கடுக்காக வளையல், காலில் கனத்த காப்பு, இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்குக் குட்டித் தோழிகள். சுற்றிலும் ரோமானியச் சிலைகள், நடுவே இந்தத் தெரிந்த முகம். எனக்குத் தொண்டை அடைத்தது, அதை ஒளிப்பானேன்.

நம் பக்கத்துக்கும் அந்தக் கரைக்கும் இருந்த போக்குவரத்து கொஞ்சநஞ்சமல்ல. அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த மதுச் சாடிகளில் நேப்பிள்ஸ் இருக்கும் கம்பானியா பகுதியில் செய்தவையும் உண்டு. யவனர் கப்பல் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு சொல்லும் கறி, மிளகுதான். அன்று சாயங்காலம் ஒரு பேக்கரியில் தரல்லி என்ற முறுக்கிய வளையம் வாங்கினேன், பாதாம் பதித்தது, கடித்தால் முழுக்க மிளகுக் காரம். நம் வீட்டு மிளகுத் தட்டை ஞாபகம்தான் வந்தது. சைவக்காரர்கள் மட்டும் கவனம்: "சூஞ்ஞா" என்று எழுதியிருந்தால் பன்றிக் கொழுப்பு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுக்கடுக்காகச் சிப்பி மாதிரி இருக்கும் ஸ்ஃபோல்யதெல்லா என்ற பலகாரத்திலும் பெரும்பாலும் அந்தக் கொழுப்பு இருக்கும். அக்கா கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ரம் பாகில் ஊறிய பாபா என்ற கேக்குக்கு மாறினாள். நான் அவள் பங்கு ஸ்ஃபோல்யதெல்லாவையும் சேர்த்துச் சாப்பிட்டேன், சூடாக, உள்ளே ரிக்கோட்டா சீஸும் ஆரஞ்சுத் தோலும்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த பயணத்தில், ஒருநாளாவது உட்கார்ந்து மரியாதையாகச் சாப்பிடலாமே என்று நான்தான் சொன்னேன். கடலோரம், வெள்ளைத் துணி போட்ட மேசை, எதிரே வெசூவியஸ். பட்டியலில் மீனுக்கு நேரே 7 யூரோ என்று இருந்தது. பரவாயில்லையே என்று சொல்லிவிட்டேன். மீன் நன்றாகத்தான் இருந்தது. பில் 87 யூரோ. அந்த 7-க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "எத்தோ" என்று இருந்திருக்கிறது, எத்தோ என்றால் நூறு கிராம். மீன் 900 கிராம், ஆக மீனுக்கே 63. அக்காவின் ஸ்பகெட்டி 14, தண்ணீர் 4, உட்கார்ந்ததற்கு ஆளுக்கு 3. இந்த உட்காரும் காசுக்கு "கோபெர்த்தோ" என்று பெயர், அது அந்த நாட்டு வழக்கம், தப்பில்லை. ஆனால் மீனை எடைபோட்டுக் காட்டாமல், மொத்தம் எவ்வளவு வரும் என்று சொல்லாமல் அடுப்புக்கு அனுப்பியது தப்பு. எட்டாயிரத்து எழுநூறு ரூபாய். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள், அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு மேசையில் உட்காரவே இல்லை, உண்மையான நேப்பிள்ஸ் சாப்பாடு அப்போதுதான் ஆரம்பித்தது. நான்காக மடித்துக் காகிதத்தில் சுற்றித் தரும் தெரு பிட்ஸா 2 யூரோ. காகிதக் கூம்பில் சுடச்சுட உருளைக்கிழங்குப் பொரியல், அரிசி உருண்டை, கத்தரிக்காய். காப்பிக் கடையில் மேடைக்கு முன்னால் நின்று இரண்டு மிடறில் குடித்தால் ஒரு யூரோ சொச்சம், அதே காப்பி மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் பல மடங்கு. காப்பியுடன் ஒரு சின்னத் தம்ளர் தண்ணீர் வரும், அதை முதலில் குடிக்க வேண்டும், வாயைச் சுத்தம் பண்ண.

பொம்பெய்க்கு ரயிலில் அரை மணிக்குச் சற்று மேல். நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். தொப்பியும் காலிப் பாட்டிலும் அவசியம், உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. எல்லா வீட்டையும் பார்க்க முயன்று அலுத்துப்போகாதீர்கள். நான் விரும்பிப் பார்த்தது தெருமுனைச் சாப்பாட்டுக் கடைகளை. தெருவை ஒட்டிக் கல்மேடை, மேடைக்குள் புதைத்த ஜாடிகள், உணவை அதிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். 2020 கடைசியில் வெளியே வந்த ஒரு கடையில் மேடைச் சுவரில் சேவலும், தலைகீழாகத் தொங்கும் வாத்துகளும் நிறம் மங்காமல் இருக்கின்றன. ஜாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் கிடைத்தது. அக்கா மேடையைப் பார்த்துவிட்டு, "நேத்து நீ மடிச்ச பிட்ஸா தின்ன கடை மாதிரியேதான்டா இருக்கு" என்றாள். அப்படியேதான் இருந்தது, உயரம்கூட.

கடைசி நாள் விடியற்காலை விமானம், பஸ் இன்னும் ஓடத் தொடங்காத நேரம். மறுபடி டாக்சிதான். தெருமுனையில் வண்டி நின்றது, ஓட்டுநர் பெட்டியைப் பிடிக்கக் கை நீட்டினார். அக்கா பெட்டியைக் கொடுக்கவில்லை, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, "தரிஃபா ப்ரெதெதெர்மினாத்தா" என்றாள். அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார், இருக்கைக்குப் பின்னால் செருகியிருந்த கட்டண அட்டையை எடுத்து விமான நிலையம் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினார். அக்கா நோட்டை எடுத்து அந்தத் தொகையை எழுதிக்கொண்டாள், அப்புறம்தான் பெட்டியை விட்டாள்.