கிட்டாரில் குறைத்த 3 டெசிபல்

போன வாரம் ஒரு பாட்டை மிக்ஸ் செய்துகொண்டிருந்தேன். பெண் குரல், அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். ஆனால் குரல் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல அமுங்கிக் கிடந்தது. குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்யூவைத் திறந்து 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் ஏற்றினேன். போதவில்லை. 4 ஆக்கினேன். சொற்கள் தெளிந்தன, ஆனால் அவர் மேல்ஸ்தாயிக்குப் போன இடமெல்லாம் காதைக் குத்தியது.

ஒரு மணி நேரம் போன பிறகுதான் கிட்டாரை ம்யூட் செய்து பார்க்கத் தோன்றியது. குரல் தானாக முன்னால் வந்து நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை, கிட்டார்தான் அதை மறைத்துக்கொண்டிருந்தது! குரலில் ஏற்றியதை எல்லாம் எடுத்துவிட்டேன். கிட்டாரில் 2.5 கிலோஹெர்ட்ஸை நடுவில் வைத்து, அகலமான வளைவில் 3 டெசிபல் குறைத்தேன். அப்புறம் 250 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு 2. குரல் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

இரண்டு ஒலிகள் ஒரே அதிர்வெண்ணில் மோதினால் பலமானது மற்றதை விழுங்கிவிடும். இதைத்தான் மாஸ்கிங் என்கிறோம். அதிலும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மையானது. சொற்களின் தெளிவும் கிட்டாரின் மீட்டல் சத்தமும் போட்டி போடுவது அங்கேதான். இரண்டையும் ஏற்றிக்கொண்டே போனால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அந்தக் கிட்டாரை இப்போது சோலோவில், அதாவது மற்ற டிராக்குகள் இல்லாமல் தனியாக, கேட்டால் மெலிந்துதான் இருக்கிறது. முன்பெல்லாம் அதைக் கேட்டதும் பதறிப்போய்த் திரும்ப ஏற்றிவிடுவேன். பாட்டைக் கேட்பவர் யாரும் சோலோ பட்டனை அழுத்தப்போவதில்லை. அதனால் ஈக்யூ முடிவுகளை எல்லா டிராக்கும் ஓடும்போதுதான் எடுக்கிறேன். சோலோ எனக்கு இப்போது தேவையில்லாத சத்தங்களைத் தேட மட்டும்தான்.

ஓர் அதிர்வெண்ணுக்குக் கீழே இருப்பதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரும் அப்படித்தான். வழக்கமான சுதியில் கிட்டாரின் கனத்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்கு வெகு கீழே இருப்பது பெரும்பாலும் கை தட்டுப்படும் சத்தமும் மைக் ஸ்டாண்டின் அதிர்வும்தான், வெட்டலாம். ஆனால் எல்லா டிராக்கிலும் கண்ணை மூடிக்கொண்டு 150-இல் வெட்டுவதை என்னால் ஏற்க முடியாது. ஆண் குரலில் அப்படிச் செய்தால் நெஞ்சின் கனமே போய்விடும்.

சரி, செய்த மாற்றம் நல்லதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஏற்றினால் மொத்தச் சத்தமும் கூடும், கூடிய சத்தம் நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும். அதனால் ஈக்யூ பிளகினின் அவுட்புட்டை அதே அளவுக்கு இறக்கி, ஈக்யூவை விலக்கும் பைபாஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பேன். குரலில் முதலில் ஏற்றிய அந்த 4 டெசிபலை இப்படிச் சமப்படுத்திக் கேட்டபோது, ஈக்யூ இல்லாத குரலே அழகாக இருந்தது.

பல்லவி முடிந்து வரும் இடையிசையில் குரல் கிடையாது. அங்கே மட்டும் ஈக்யூ தானாக மாறும்படி ஆட்டோமேஷன் போட்டு, கிட்டாருக்கு அந்த 3 டெசிபலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.