ஞாயிற்றுக்கிழமை காலை பீச் ரோட்டைக் கடன் கேட்ட கதை

கடலூரில் ஒரு ஓட்டப் பந்தயம் நடத்தப் போகிறோம் என்றதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை பேர் ஓட வருவாங்க?" ஓடுகிறவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. மஞ்சக்குப்பம் மைதானத்திலும் அண்ணா விளையாட்டரங்கத்திலும் இருட்டோடு வந்து ஓடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் அவர்களும் வருவார்கள், அவர்களின் மச்சானும் மாமனாரும் சேர்ந்து வருவார்கள். கவலையெல்லாம் ஓடாதவர்களைப் பற்றித்தான். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் மீன் வண்டி போகும், பால் வண்டி போகும், சர்ச்சில் முதல் பூசைக்கு ஆட்கள் போவார்கள், மண்டபத்துக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வரும். அவர்கள் ரோட்டை இரண்டு மணி நேரம் கடன் வாங்கி, சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்த வேலை. டீ-ஷர்ட், மெடல், மேடை எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் எங்கள் குழுவில் ஓடிய கனவு வேறு. கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 22 கிலோமீட்டர். ஹாஃப் மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். கணக்கைப் பார்த்தவுடன் ஒருவருக்கு ஆசை வந்துவிட்டது: இங்கே கிளப்பி அங்கே முடித்தால் என்ன? பெண்ணையாற்றுப் பாலத்தில் சூரிய உதயம், போட்டோ பிரமாதமாக வரும் என்றார். ஆனால் அது பஸ் போகிற தேசிய நெடுஞ்சாலை. வழியில் மாநில எல்லை வேறு. இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ், இரண்டு அரசாங்கத்துக்கும் தனித்தனி மனு. நடுவில் கன்னியக்கோயில். புதுச்சேரிப் பக்கத்து எல்லை ஊர், மதுக்கடைகளுக்குப் பேர் போனது என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேர் அதைத் தாண்டி ஓடுவார்கள் என்று கேட்டுச் சிரித்ததோடு அந்தத் திட்டம் முடிந்தது.

கெடிலம் பாலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் போகலாமா என்றும் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டும் ரயிலடியும் இருக்கிற இடம், காலை ஐந்து மணிக்கே கலகலவென்று இருக்கும். கடைசியில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஆரம்பித்து, பெரியார் கலைக் கல்லூரியைத் தாண்டி மஞ்சக்குப்பம் பக்கமாக இரண்டரை கிலோமீட்டர் வந்து, அதே வழியில் திரும்புவது என்று முடிவானது. ஒரு சுற்று ஓடினால் 5 கி.மீ., இரண்டு சுற்று ஓடினால் 10 கி.மீ. வண்டி நிறுத்த பீச்சில் இடம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஓரிடத்தில் நின்றபடியே மூன்று தடவை கைதட்டலாம். அலங்காரமில்லாத பாதைதான். ஆனால் காவல் காக்க வேண்டிய தெருமுனைகள் பாதியாகக் குறைந்தன, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

தேதி பிடிப்பது இருக்கிறதே, அதைவிடச் சுலபமாகக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிடலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, புயல். கடலூருக்கு அதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். மார்கழித் திருவாதிரைக்கு சிதம்பரம் தரிசனம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா, பெண்ணையாற்றங்கரை முழுக்க ஜனம். தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி தரிசனம். இந்த நாட்களில் மாவட்டத்துப் போலீஸ் எல்லாம் பந்தோபஸ்துக்குப் போயிருக்கும். நம் தெருமுனைக்கு ஒரு காவலர் கிடைக்க மாட்டார். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு நாங்கள் ஓட நினைத்த அதே பீச்சுக்குத்தான் வரும். மார்ச் வந்தால் பொதுத்தேர்வு, அப்புறம் வெயில். மிச்சமிருந்த ஞாயிறுகளில் முகூர்த்த நாட்களை அடித்தால் கையில் நின்றது பிப்ரவரியில் ஒன்றோ இரண்டோதான். பஞ்சாங்கத்தையும் கல்யாண மண்டபத்து புக்கிங் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி குறித்தோம்.

மனு எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கிருந்து டி.எஸ்.பி., அப்புறம் ஸ்டேஷன், அப்புறம் போக்குவரத்துப் போலீஸ் என்று அது கீழே இறங்கி, ஒவ்வொருவர் குறிப்போடும் மறுபடி மேலே ஏற வேண்டும். மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் தனித்தனிக் கடிதம். மனுவோடு பாதை வரைபடம், எந்த முனையில் எந்தத் தன்னார்வலர், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், ரோடு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று இணைத்துக் கொடுத்தால் பாதிக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும். ஸ்டேஷனில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "வி.ஐ.பி. யாரு சார்?" யாருமில்லை என்றோம். அதிகாரியின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே! வி.ஐ.பி. வந்தால் அவருக்கு ஒரு பந்தோபஸ்து. அவர் அரை மணி தாமதித்தால் ஓட்டமும் அரை மணி தள்ளிப்போய், கடைசி ஆட்கள் ஏறுவெயிலில் ஓட வேண்டிவரும். குழுவில் இரண்டு பேருக்கு இதில் மனத்தாங்கல்தான், மேடையில் பொன்னாடை இல்லாத விழா ஒரு விழாவா என்று. நான் அசையவில்லை.

ஐந்தரைக்கே ஆரம்பிக்கலாம் என்ற பேச்சையும் போலீஸ்தான் நிறுத்தியது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி போடக்கூடாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பாட்டுப் போட்டுக் கைகால் உதறுகிற ஜூம்பா எல்லாம் ஆறு மணிக்கு முன்னால் கிடையாது. ஜூம்பா இல்லாததற்கு நான் தனிப்பட்ட முறையில் வருத்தப்படவில்லை. ஆறு மணிக்கு ஓட்டம் என்று வைத்தோம். பிப்ரவரியில் சூரியன் வர ஏறக்குறைய ஆறரை ஆகிவிடும் என்பதால், அதுவரை தெருவிளக்கை அணைக்க வேண்டாம் என்று மாநகராட்சிக்கு இன்னொரு கடிதம்.

தேவனாம்பட்டினத்தில் மீனவர் பஞ்சாயத்தார் சிலரைப் போய்ப் பார்த்தோம். போலீஸ் அனுமதி கையில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அனுமதிக் காகிதம் லோடு வண்டியை நிறுத்தும், ஆனால் ஓட்டுகிறவரின் கோபத்தை நிறுத்தாது. பெரியவர் ஒருவர் வரைபடத்தைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ரோட்ட முழுசா அடைக்கிறீங்களா தம்பி?"

"ரெண்டு மணி நேரந்தாங்க ஐயா."

"மீனுக்கு ரெண்டு மணி நேரம்னா என்னன்னு தெரியுமா? ஒரு பக்கம் நீங்க வச்சுக்குங்க. ஒரு பக்கம் எங்க வண்டிக்கு வுட்டுருங்க. புள்ளைங்க ஓடட்டும், யாரு வேணாம்னா?"

அதுவரை முழு ரோட்டையும் அடைப்பதாகத்தான் வரைந்திருந்தோம். அன்று மாலையே அதை மாற்றினோம். ரோட்டின் நடுவில் கூம்பு வைத்து, கூம்புக்குக் கூம்பு கயிறு கட்டி, ஒரு பக்கம் ஓட்டம், மறு பக்கம் போக்குவரத்து. போலீசுக்கும் இதுவே பிடித்தது.

பாதையை அளந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலரும் கோட்டை விடுவார்கள். கூகுள் மேப் ஒன்று சொல்லும், கையில் கட்டின ஜி.பி.எஸ். வாட்ச் ஒன்று சொல்லும், பைக் மீட்டர் மூன்றாவதாக ஒன்று சொல்லும். உலகம் முழுக்க ரோட்டு ஓட்டத்தை அளப்பது சைக்கிளில்தான். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்ன எண்ணியைப் பொருத்தி அளப்பார்கள். அது எங்களிடம் இல்லை. முறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். நேரான ஒரு துண்டு ரோட்டில் இரும்பு டேப்பைப் பிடித்து 300 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் ஆணி அடித்தோம். முன்சக்கரத்தின் ஒரு ஸ்போக்கில் சிவப்பு ரிப்பன். அந்த 300 மீட்டருக்குச் சக்கரம் எத்தனை சுற்று, மிச்சத்துக்கு எத்தனை ஸ்போக் என்று நாலு தடவை ஓட்டிச் சராசரி எடுத்தோம். அதன் பிறகு முழுப் பாதை. ஆயிரத்துச் சொச்சம் சுற்றையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஒருவர் மெதுவாக மிதிக்க, பின்னால் டி.வி.எஸ்.ஸில் உட்கார்ந்து இன்னொருவர் நூற்றுக்கு ஒரு கோடு போட்டார். டீக்கடையில் நின்றவர்கள் ஏதோ வேண்டுதல் என்றே நினைத்திருப்பார்கள்.

வளைவு வந்தால் ரோட்டின் நடுவே போகக்கூடாது. ஓடுகிறவர் எவ்வளவு குறுக்கே போக முடியுமோ அந்தக் கோட்டில், ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். எங்கள் பாதைக்கு ஒரு பக்க ஓரம் அந்தக் கயிறுதான், அதனால் கூம்பு எங்கெங்கே வரும் என்று சாக்பீஸில் குறித்த பிறகே அளந்தோம். வெயில் ஏற ஏற டயரில் காற்றழுத்தம் கூடிச் சக்கரம் ஒரு துளி பெரிதாகும். அதற்காக முடித்த கையோடு அந்த 300 மீட்டரை மறுபடி ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதல் வைப்பது விதி, பாதை ஒருபோதும் குறைந்துவிடாமல் இருக்க. 10 கி.மீ.க்கு 10 மீட்டர். அந்த இரண்டரை கிலோமீட்டரை நாலு தடவை கடப்பதால், திரும்புகிற கூம்பை இரண்டரை மீட்டர் தள்ளி வைத்தால் கணக்கு சரி.

தண்ணீர் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி வந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பிளாஸ்டிக் பட்டியலில் தண்ணீர் பாக்கெட் மட்டுமல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருக்கிறது. வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுத்தோம். டம்ளரோடு யாரும் ஓட முடியாது, நின்று குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். வேகமாக ஓடுகிற நாலைந்து பேர் முணுமுணுத்தார்கள். மற்றவர்களுக்கு நிற்க ஒரு சாக்குக் கிடைத்தது. ரோட்டில் ஒரு கப் விழவில்லை.

மருத்துவ ஏற்பாட்டில் எங்களோடு ஓடுகிற டாக்டர் ஒன்றில் பிடிவாதமாக இருந்தார்: உடல் கொதித்து, பேச்சுக் குழறி ஒருவர் விழுந்தால் முதலில் குளிர வைக்க வேண்டும், ஆம்புலன்சில் ஏற்றுவது அதற்குப் பிறகுதான். வெப்பத்தாக்கில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அதற்கு ஐஸ் தண்ணீர்த் தொட்டி வேண்டும். கடலூரில் ஐஸுக்கா பஞ்சம்? முதுநகர் துறைமுகத்துப் பக்கமிருந்து மீனுக்குப் போடுகிற ஐஸை உடைத்துப் பெட்டியில் வாங்கி வந்து, முடிவுக்கோட்டுப் பக்கம் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி நிழலில் வைத்தோம். யாரும் அதில் இறங்கும்படி நேரவில்லை. மீன் வாடை மட்டும் லேசாக வந்துகொண்டிருந்தது.

கோட்டைத் தாண்டும்போது ஓடுகிறவரின் நேரத்தைத் தானாகப் பதிகிற சிப்பின் வாடகை எங்கள் வசூலுக்குக் கட்டுப்படியாகவில்லை. மார்பில் குத்துகிற எண் அட்டையின் அடியில் கிழிக்கிற துண்டு ஒன்று வைத்து அச்சடித்தோம், அதிலும் அதே எண். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டின ஒற்றையடி வழி. வந்த வரிசை கலையாமல் துண்டைக் கிழித்து, மளிகைக் கடையில் பில் குத்தி வைக்கிற கம்பியில் குத்திக்கொண்டே போக வேண்டியது. பக்கத்தில் ஒருவர் ஒவ்வொருவர் கோட்டைத் தாண்டும்போதும் மொபைலில் தட்டுவார். கம்பியின் வரிசையையும் மொபைலின் நேரத்தையும் சேர்த்தால் முடிவு ரெடி. கூம்பு வரை போகாமல் பாதியில் திரும்பிவிடுகிறவர்களைக் கண்டுபிடிக்க, திரும்புகிற கூம்பில் ரப்பர் பேண்ட் கொடுத்தோம். முதல் சுற்றுக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை. பச்சை இல்லாமல் 10 கி.மீ. வரிசையில் வந்து நின்ற ஒருவர், கழன்று விழுந்துவிட்டது என்றார். நல்ல வேளையாக அவர் பரிசு எல்லையில் இல்லை.

கொடியசைத்தது பணியிலிருந்த இன்ஸ்பெக்டர். ஆறு அடித்துச் சில வினாடியில் கிளம்பியாயிற்று. கயிற்றுக்கு மறுபக்கம் மீன் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. அது எரிச்சலிலா உற்சாகத்திலா என்று இன்னும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. ஏழே முக்காலுக்குக் கயிற்றை அவிழ்ப்பதாக எழுதிக் கொடுத்திருந்தோம். கடைசியாக நடந்து வந்த அம்மா ஏழு நாற்பதுக்கே வந்துவிட்டார், பின்னாலேயே கூம்பு பொறுக்குகிற வண்டி.

பொங்கல், சாம்பார் முடிந்து பரிசும் கொடுத்த பிறகு ஆரம்பித்தது வாட்ச் பஞ்சாயத்து. "சார், என் வாட்ச்சுல 10.14 காட்டுது, பாதை அதிகம்." "எனக்கு 9.92 தான், கம்மி." இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, நீங்களே பேசி முடிவுக்கு வாருங்கள் என்று விட்டுவிட்டேன். சைக்கிளில் எண்ணியவர் மட்டும் விடவில்லை. ரிப்பன் கட்டின சக்கரத்தையும் கணக்கு நோட்டையும் கொண்டுவந்து காட்டினார்.

அந்த வாரமே வரவு செலவை எழுதிக் குழுவில் போட்டோம். டீ-ஷர்ட்டில் எக்ஸ்.எல். பற்றாமல் போய் ஸ்மால் மிஞ்சியது. அதை மீனவர் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று. டம்ளரில் சில குறைந்தன, பாத்திரக் கடைக்காரர் அதற்குப் பணம் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடத்துப் பஞ்சாங்கம் வந்ததும் தேதி பார்க்க வேண்டும்.