அம்மாவின் க்வெட்டியாபினை நிறுத்திய எட்டு வாரம்

முதியோர் இல்லத்தில் சேர்த்த இரண்டாவது மாதமே அம்மாவுக்கு க்வெட்டியாபின் என்ற மனநோய் மருந்தைத் தொடங்கினார்கள். மறதிநோய் முற்றியிருந்தது. மாலையானால் கத்துவார், குளிப்பாட்டப் போனால் அடிப்பார். முதலில் 25 மி.கி., அப்புறம் 100. தூக்கத்துக்கு குளோனாசிபாம் வேறு. கத்தல் நின்றது, கூடவே பேச்சும் நின்றது. வாயில் உணவை வைத்தபடியே தூங்கிவிடுவார். இரண்டு முறை விழுந்தார். "வயசுதானே" என்றார்கள். ஓராண்டு நானும் அதை நம்பியது இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் டாக்டரிடம் கேட்டேன்: இதை எப்போது நிறுத்துவதாக இருந்தீர்கள்? சீட்டில் அப்படி ஒரு தேதியே இல்லை. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-லேயே எச்சரித்ததை அவரே சொன்னார். அம்மாவுக்கு மனச்சிதைவு போன்ற பழைய நோய் இல்லை, குறைத்துப் பார்க்கலாம் என்றார். ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, இரண்டு மருந்தையும் ஒன்றாகக் குறைக்கவும் கூடாது. முதலில் க்வெட்டியாபின், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 மி.கி. குறைப்பது என்று முடிவானது.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு நோட்டு. அம்மா எப்போது கத்துகிறார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று பராமரிக்கும் அக்காவும் நானும் எழுதி வந்தோம். பத்தே நாளில் பிடிபட்டது: முழங்காலை மடக்கும்போதுதான் அடிக்கிறார். வலிக்கிறது என்று சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை! டாக்டர் பாராசிட்டமாலை வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னார். காலைக் குளியலை மதியத்துக்கு மாற்றி, பல நாட்கள் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள். அடிப்பது நின்றது.

50-க்கு வந்தபோது மறுபடி கத்தல். பழைய அளவுக்கே போய்விடலாம் என்றார் இரவு நர்ஸ். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, ஒரே ஆளாக அத்தனை பேரைப் பார்க்கிறார். நோட்டைப் புரட்டினால், நாலு நாளாக அம்மாவுக்கு மலம் போகவில்லை. எனிமா கொடுத்த மறுநாளே அடங்கிவிட்டார். அந்த அளவிலேயே இன்னும் இரண்டு வாரம் வைத்திருந்து, பிறகுதான் இறங்கினோம்.

எட்டாவது வார முடிவில் க்வெட்டியாபின் நின்றது. மாலைப் பதற்றம் முழுக்கப் போகவில்லை, யாராவது கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. ஆனால் போன வாரம் என் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி அவரே சாப்பிட்டார். குளோனாசிபாம் பாதி மாத்திரையில் நிற்கிறது. அதற்கு இன்னும் சில மாதமாகும், அவசரப்படாதீர்கள் என்கிறார் டாக்டர்.