சாரே, உள்ள வெள்ளம் கெடக்கு

கொச்சியில் ஜூன் மாதம் பாய்மரப் படகில் குடியிருப்பவர்களுக்கு அலாரம் வைக்கிற வேலையில்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தரைப்பலகைக்கு அடியில் பம்பு ‘ர்ர்ர்’ரென்று ஓடும். இருபது விநாடியில் நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஓடும். முதல் தடவை புரண்டு படுத்துக்கொள்ளலாம். இரண்டாம் தடவை கண் தானாகத் திறந்துகொள்ளும். மூன்றாம் தடவையும் குறட்டை விடுகிறவர் விருந்தாளியாகத்தான் இருக்க வேண்டும்.

படகு 34 அடி, ஃபைபர் உடம்பு, ஒற்றை டீசல் எஞ்சின், போல்காட்டித் தீவின் ஓரம் கட்டிக் கிடக்கிறது. வெளிநாட்டுப் பாய்மரக்காரர்கள் மழை இறங்குவதற்கு முன்பே நடையைக் கட்டிவிடுவார்கள். மழையிலும் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவர் இந்தக் கோயம்புத்தூர்க்காரர். கடையை மகனிடம் விட்டுவிட்டு மனைவியோடு வந்து தங்கியிருக்கிறார். கூடமாட ஒத்தாசைக்கு இருக்கும் தம்பி குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம். சுறா தேடிப் போனால் ஒரு மாதத்துக்கு மேல்கூட நடுக்கடலிலேயே ஆக்கித் தின்று தூங்குகிற ஊர்க்காரர்கள். குமரி மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தடைக்காலம் என்பதால் தம்பி இங்கே. மெத்தையும் மின்விசிறியும் உள்ள இந்தப் படகு தம்பி கணக்கில் கல்யாண மண்டபம்.

மூன்றாம் ‘ர்ர்ர்’ருக்குத் தம்பி எழுந்து பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கொட்டாவியோடு சொன்னது இதுதான்: “சாரே, உள்ள வெள்ளம் கெடக்கு.”

கோயம்புத்தூர்க்காரருக்கு வெள்ளம் என்றால் 2018. ஆலுவா மூழ்கியதை டி.வி.யில் பார்த்தவர். லுங்கியை மடித்துக் கட்டி, லைஃப் ஜாக்கெட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, “அம்மணி, எந்திரி! பேங்க் புஸ்தகத்தை எடுத்துக்க!” என்று படிக்கட்டு வரை போய்விட்டார். குமரியில் தண்ணீருக்குப் பேரே வெள்ளம்தான். குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம். அடியில் கிடந்ததோ நாலு விரல் உயரம்.

“எத்தனை அடிங்க தம்பி?”

“அடியெல்லாம் இல்ல சாரே. ரெண்டு வாளி காணும். பேடிக்காதீங்க.”

தரைப்பலகைக்குக் கீழே படகின் ஆகத் தாழ்ந்த அந்தப் பள்ளத்துக்கு பில்ஜ் என்று பெயர். எங்கே ஒழுகினாலும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அதனால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்பது சேதியே அல்ல. யார் வீட்டுத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. பலகையைத் தூக்கினால் டார்ச்சுக்கும் முந்தி மூக்கு உள்ளே போக வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் அதுவும் இதே பள்ளத்தில்தான் இறங்கிப் படுத்துக்கொள்ளும், பக்கத்திலேயே பம்பு ஸ்விட்சு பொறி தட்டக் காத்திருக்கும். சிலிண்டரைத் தனி அறையில், வெளியே வடிகிற ஓட்டையோடு வைப்பதும், சமைத்து முடித்ததும் அடுப்புக் குமிழை மட்டுமில்லாமல் சிலிண்டர் வாயையே மூடுவதும் இதற்குத்தான். டீசல் வாடை, பழைய சாம்பார் வாடை தவிர வேறு வாடை இல்லையென்றால் மேலே போகலாம்.

அடுத்தது பம்பின் மேலேயே ஒரு சந்தேகம். ஓர் அங்குலக் குழாய் 3 மீட்டர் நீளம் ஏறி வெளியே கொட்டுகிறது என்றால், பம்பு நிற்கும் நேரத்தில் அந்தக் குழாய்க்குள் ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். அது அப்படியே திரும்பிப் பள்ளத்துக்கே வரும். மிதவை ஸ்விட்சு மறுபடி தூக்கும், பம்பு மறுபடி ஓடும். ஒரே தண்ணீரை விடிய விடிய மேலே அனுப்பி வரவேற்றுக்கொண்டிருக்கும். நின்ற கையோடு மறுபடி ஓடினால் முழுக்க இந்தக் கூத்துதான். பத்து நிமிஷம் இடைவெளி விட்டு ஓடினால் பாதி பழைய தண்ணீர், மீதி புதுசு. குழாயில் ஒருவழி வால்வு போட்டால் தீருமே என்று கடைக்காரர் சொல்வார். அந்த வால்வில் ஒரு முடிக்கற்றையோ நாலு சோற்றுப் பருக்கையோ சிக்கினால், நிஜமாக முழுகுகிற அன்று பம்பு வெறுமனே கத்திக்கொண்டிருக்கும். குழாயைக் குட்டையாக்குவது நல்லது.

ஆகவே பம்பை அணைத்து, அணைத்திருக்கிறது என்று அட்டையில் எழுதி ஸ்டீரிங் சக்கரத்தில் தொங்கவிட்டு (மறந்துபோய் கரைக்குப் போனவர்கள் உண்டு), வாளியும் ஸ்பாஞ்சுமாகப் பள்ளத்தைத் துடைத்துக் காயவைத்தார்கள். எவ்வளவு வேகத்தில் ஊறுகிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. நொடிக்கு ஒரே ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். சொட்டு என்று யாரையும் சும்மா விடக்கூடாது.

பிறகு நக்கிப் பார்க்கிற பரீட்சை. முகம் சுளிக்க வேண்டாம், படகில் குடியிருக்கிற எல்லோரும் செய்வதுதான். கரித்தால் கடல் உள்ளே வருகிறது, கரிக்காவிட்டால் குடிதண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. தம்பி விரலை நனைத்து நாக்கில் வைத்து, “உப்பே இல்ல” என்றதும் கோயம்புத்தூர்க்காரர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினார்.

“அப்போ தொட்டித் தண்ணிதானுங்க!”

“அதெப்பிடி சாரே? இப்பம் வெளிய கெடக்கிற வெள்ளத்துலயும் உப்பு இல்லல்லா?”

கொச்சியில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். மார்ச் மாதம் கரிக்கிற காயல், ஜூன் மழையில் மேலாக நன்னீர் ஆகிவிடும். பம்பையாறு, மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழா என்று ஆறாறாக வேம்பநாட்டுக் காயலில் விழுந்து அழிமுகம் (முகத்துவாரம்) வழியாகக் கடலுக்குப் போகின்றன. பெரியாற்றின் ஒரு கிளையும் இந்தப் பக்கமே வருகிறது. பெரியாற்றுத் தண்ணீர் எந்தக் கோர்ட்டுக்கும் போகாமல் ஒரு தமிழ்நாட்டுக்காரரின் படுக்கைக்கு அடியில் தானாக வந்து சேரக்கூடிய இடம் உலகத்தில் இது ஒன்றுதான். ஓதம் ஏறும்போது லேசாகக் கரிக்கும், வற்றும்போது அதுவும் இராது. (படகின் அடியில் ஒட்டுகிற கொட்டலசும் இந்த மாதங்களில் அடங்கிக் கிடக்கும், மழை விட்டு உப்பு திரும்பியதும் வட்டியும் முதலுமாக வரும். மற்ற உலோகம் அரிக்காமலிருக்கத் தன்னைத் தின்னக் கொடுக்கிற, நாகம் எனப்படும் துத்தநாகக் கட்டியும் நன்னீரில் மேல்பூச்சு பிடித்து மந்தமாகிவிடும். உப்பும் நன்னீரும் மாறி மாறி வருகிற இடத்துக்கு அலுமினியக் கட்டிதான் சரி.)

நாக்கு கைவிட்டதால் கண்ணை நம்ப வேண்டியதாயிற்று. முதலில் எஞ்சின் சாஃப்ட் படகைத் துளைத்து வெளியே போகிற கிளாண்டு. அதைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, சுற்றிலும் முகப் பவுடரைத் தூவினால் போதும். ஒழுக்கு இருந்தால் பவுடரில் கோடு விழும். கிளாண்டில் கொஞ்சம் சொட்டு நியாயம்தான். சாஃப்ட் சுற்றும்போது நிமிஷத்துக்கு 2, 3 சொட்டு விழவேண்டும், நின்றதும் நிற்கவேண்டும். சொட்டே கூடாது என்று நட்டை முறுக்கினால் உள்ளேயிருக்கும் கயிறு வறண்டு, சூடேறி, சாஃப்டையே தின்றுவிடும். முறுக்குவதென்றால் எட்டில் ஒரு பங்கு சுற்று, பிறகு ஓட்டிப் பார்த்து, கையை வைத்துப் பார்த்து, மறுபடி எட்டில் ஒரு பங்கு. இங்கே பவுடர் பவுடராகவே இருந்தது. அம்மணியின் டப்பாதான் பாதி காலி.

படகின் வயிற்றில் தண்ணீர் எடுக்கவும் விடவும் ஏழு ஓட்டைகள், ஏழுக்கும் வால்வு. ஒவ்வொன்றின் கழுத்திலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். எல்லாம் உலர்ந்தே இருந்தன. தொட்டித் தண்ணீர் பம்பை மட்டும் போட்டுவிட்டு எல்லாக் குழாயையும் மூடிக் காது கொடுத்தார்கள். யாரும் குழாய் திறக்காமலே அது அவ்வப்போது முனகினால் தொட்டி வழியில் ஒழுக்கு. அதுவும் முனகவில்லை.

கோயம்புத்தூர்க்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. “இந்த வடிகட்டி மூடி மேலதானுங்க எனக்குச் சந்தேகம்” என்று வால்வை மூடிவிட்டு, எஞ்சினுக்குக் குளிர்தண்ணீர் போகிற வடிகட்டியைத் திறந்தார். உள்ளே ஆகாயத்தாமரை வேர், கறுப்புத் தாடி மாதிரி. மழையில் காயல் முழுக்க அது தீவு தீவாக மிதந்து வரும். வற்று நேரத்தில் எஞ்சின் போட்டால் வேரெல்லாம் உறிஞ்சப்பட்டு இங்கே வந்து அடையும். அடைத்தால் தண்ணீர் வராது. தண்ணீர் வராவிட்டால் பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் இம்பெல்லர் வறண்டு இதழ் இதழாகப் பிய்ந்துபோகும். புது இம்பெல்லர் போடுவது பெரிய காரியமில்லை. பிய்ந்த இதழ்களை எண்ணி, ஒன்று விடாமல் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள்ளிருந்து பொறுக்கி எடுப்பதுதான் பாடு. ஆறு இதழில் ஐந்துதான் கிடைத்தது என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. புதுசைப் பொருத்தும்போது கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் போதும்.

வேரைப் பிடுங்கிப் போட்டு மூடியை ஸ்பானர் வைத்து முறுக்கினார். அது கைமுறுக்கில் மூட வேண்டிய பிளாஸ்டிக் மூடி. வளையம் நெளிந்துகொண்டது. வால்வைத் திறந்ததும் அதுவரை சுத்தமாயிருந்த இடத்தில் அழகாக ஒரு புது ஒழுக்கு பிறந்தது.

“சாரே, இருக்கிற வெள்ளம் போராதுன்னா?”

வால்வை மூடி, வளையத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டுத் தடவித் தம்பி கையால் மூடியதும் நின்றது. மூடிய வால்வின் பிடியில் எஞ்சின் சாவியையும் மாட்டியிருந்தார் தம்பி. வேலை முடிந்து வால்வைத் திறந்தால்தான் சாவி கைக்கு வரும். வால்வை மூடியபடியே எஞ்சின் போட்டு இம்பெல்லரை வறுத்தவர்கள் யாரோ கண்டுபிடித்த உபாயமாக இருக்கவேண்டும்.

மணி ஏழு. மழை விட்டிருந்தது. ஒன்றும் பிடிபடவில்லை, பள்ளத்தில் மட்டும் அரை மக்கு புதுசாக ஊறியிருந்தது. அம்மணி காபி ஆற்றிக்கொண்டே, “இதென்னங்க, ஆர்.ஓ. தண்ணி பாக்கற பேனா ஒண்ணு நம்மகிட்ட இருக்குதுல்ல?” என்றார். தண்ணீர் சுத்திகரிப்பு சர்வீஸ்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பார்களே, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டர், அதுதான். மூன்று மணி நேரமாக அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

“முன்னாலயே சொல்லக்கூடாதாம்மணி?”

“பேங்க் புஸ்தகத்தைத்தானுங்க கேட்டீங்க.”

முதல் வாளித் தண்ணீரில் வைத்ததும் 900 காட்டியது. அதை நம்பக்கூடாது. பள்ளத்தின் சுவரில் பல வருஷத்து உப்பு படிந்திருக்கும், எந்தத் தண்ணீர் வந்தாலும் அதைக் கரைத்துக்கொண்டுதான் நிற்கும். துடைத்த பிறகு ஊறியதை, அதுவும் பள்ளத்துக்கு வந்து சேருகிற வழியிலேயே சுத்தமான டம்ளரில் பிடித்துப் பார்க்கவேண்டும். தொட்டித் தண்ணீர் 140. வெளியே காயல் 600. மேல்தளத்தில் வைத்திருந்த வாளியில் பிடித்த மழைத் தண்ணீர் 15. வழியில் பிடித்த டம்ளர் 40.

கடலுமில்லை, தொட்டியுமில்லை, மழை. வழி எது என்பதும் அதோடு தெரிந்துபோயிற்று. டம்ளரை வைத்த இடத்துக்கு நேர் மேலே பாய்மரத்தின் அடிக்கால் நின்றது.

மரம் என்று பேர்தான், அலுமினியக் குழாய். மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு படகின் அடிவரை இறங்கி நிற்கும் வகை. அந்தத் துளையைச் சுற்றி லாரி டியூபை வெட்டிச் சட்டை மாதிரி போட்டு மேலும் கீழும் கிளாம்பு முறுக்கியிருந்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் சட்டை தடுப்பது மரத்தின் வெளிப்பக்கம் வழிகிற தண்ணீரை மட்டும்தான். பாய் ஏற்றுகிற கயிறுகள் உச்சியில் கப்பி வழியாக உள்ளே நுழைகின்றன. கயிறு நுழைகிற இடத்தில் மழையும் நுழையும். அடைக்க முடியாது, அடைத்தால் பாய் ஏறாது. அதனால்தான் அடிக்காலில் ஒரு வடிகால் ஓட்டை விடுவார்கள். அது திறந்திருந்தால் மழை பெய்கிறபோதே வடிந்து, பம்பும் ஒன்றிரண்டு தடவை ஓடி, விவகாரம் முடிந்துவிடும். இங்கே அந்த ஓட்டை அலுமினியத்தின் வெள்ளைப் பூப்பால் அடைத்துப்போயிருந்தது. மரத்துக்குள் தண்ணீர் தேங்கி, விளக்குக் கம்பி வெளியே வருகிற இடுக்கு வழியாகச் சன்னமாகக் கசிந்துகொண்டிருந்தது. மழை நின்ற பிறகும் ஊற்று நிற்காததற்குக் காரணம் அதுதான்.

6 மில்லிமீட்டர் டிரில் பிட்டைத் துணியில் சுற்றிக் கையாலேயே திருகவேண்டும். மெஷின் போட்டால் உள்ளே கிடக்கிற கம்பியும் சேர்ந்து அறுந்துவிடும். தம்பி மேலே டியூப் சட்டையைப் பார்க்கப் போயிருந்தார். கோயம்புத்தூர்க்காரர் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் பதித்து, திருகினார். வெள்ளைப் பொடி கொட்டியது. இன்னும் ஒரு திருகு. மரத்துக்குள் தேங்கியிருந்த ரெண்டு லிட்டரும் பீச்சாங்குழல் மாதிரி நேராக அவர் முகத்தில் அடித்தது.

“தம்பி! வெள்ளம்! வெள்ளம்!”

“இன்னா வந்துட்டேன் சாரே” என்று மேலேயிருந்து குரல் வந்தது. படியிறங்குகிற சத்தம், பிறகு அடுப்படியில் ஏதோ உருட்டுகிற சத்தம். ஒரு நிமிஷம் கழித்துத் தம்பி வந்து நின்றார், கையில் பெரிய டம்ளர் நிறையச் சூடான சீரக வெள்ளத்தோடு.